வேண்டாம்னு சொன்னா கேக்காதீங்க

“எத்தனை டம்ளர்னு கேட்டேன்.”

“ரெண்டு, டாக்டர். அப்புறம் இன்னொண்ணு. அதுல பாதி கீழே போயிடுச்சு.”

“வெறும் சர்க்கரைத் தண்ணியா?”

“ஆமா. கெட்டியாத்தான் கரைச்சேன்.”

“ஊத்தறதுக்கு முன்னாடி சுகர் பார்த்தீங்களா?”

சலவைக்கடைக்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது டம்ளரில் பாதி அங்கேதான் இருந்தது. காய்ந்து, கஞ்சி போட்ட துணிபோல விறைத்திருந்தது. காலமெல்லாம் பிறத்தியார் கறையை எடுத்தே பிழைத்தவர், அந்தக் கறையை எங்கே மறைப்பதென்று தெரியாமல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“பார்க்கலை,” என்றார்.

டாக்டர் சின்னப் பெண். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் மனைவிக்குச் சர்க்கரை இறங்கவில்லை, மாரடைப்பு வந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். இங்கே கொண்டுவந்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை, அதற்கு மேல் காட்ட முடியாது என்கிற அளவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே தொங்கிய திரைகளை யார் துவைக்கிறார்கள், ஏன் இப்படிப் பழுப்பேறவிட்டார்கள் என்று மனம் தன்போக்கில் யோசித்தது. யோசிக்க வேண்டியதை யோசிக்க அதற்குத் தைரியமில்லை.

கடையில் காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல வந்து ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஊரிலிருக்கும் தங்கும் விடுதிகளின் விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வரும். வந்ததும் எடை மெஷினில் ஏற்றுவார்கள், பிறகு துவைக்கப் போகும். பெயர் தெரியாத மனிதர்களின் தூக்கத்தையெல்லாம் அந்த மூன்று அறைக் கடை அலசி, பிழிந்து, மடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. முன் அறையில் இஸ்திரி, நடுவில் மெஷின்கள், பின்னால் காயப்போடும் இடம். மாடியில் வீடு. துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவனுக்கு நுரை என்று பெயர். வேலையால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவன் பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் காரணம் தெரியும்.

இஸ்திரி மேசையின் ஆவியில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். ஆனால் மனைவியின் வியர்வையை அவர் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார். சர்க்கரை இறங்கினால் அவளுக்கு முதலில் மேலுதட்டில்தான் பூக்கும். கண்ணாடியில் படிகிற பனிபோல, சின்னச் சின்னதாக. அறையின் அந்தக் கோடியிலிருந்தே பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வருவார். அதில் அவருக்கு ரகசியமான பெருமைகூட உண்டு.

அன்றும் அப்படித்தான் பார்த்தார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சாம்பலாக இருந்தது. தாடையைத் தடவிக்கொண்டாள். அவர் டம்ளரோடு போனபோது, “வேண்டாம்,” என்றாள்.

வேண்டாம் என்றால் கேட்கக்கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கல்யாணமான புதிதில், ஒரு மத்தியான வேளையில், கணக்குப் பாடம் நடத்துகிறவள்போல அவரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். “சுகர் இறங்கி லோ ஆகும்போது நான் நானா இருக்க மாட்டேன். வேண்டாம்பேன், தட்டிவிடுவேன், உங்களைக் கண்டபடி பேசுவேன். கேக்காதீங்க. தாடையைப் பிடிச்சு ஊத்திடுங்க.” அவரும் ஊத்தினார். ஓடும் பஸ்ஸில் ஊத்தியிருக்கிறார். சினிமாக் கொட்டகை இருட்டில் ஊத்தியிருக்கிறார். ஒருமுறை அவள் அவர் கையைக் கடித்துவிட்டு, தெளிந்த பிறகு அந்தப் பல் தடத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள்.

அன்றும் தாடையைப் பிடித்து ஊத்தினார். தெளியவில்லை. இன்னும் ஊத்தினார். சுகர் பார்க்கும் மெஷின் பக்கத்து மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது. பழகிய கைக்கு மெஷின் எதற்கு? மூன்றாவது டம்ளரை அவள் வாந்தியெடுத்தபோதுதான் நுரை தெருவுக்கு ஓடிப்போய் ஒரு வண்டியை நிறுத்தினான்.

விஷயம் கேள்விப்பட்டு அவள் அண்ணன் வந்து சேர்ந்தபோது அவளை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அடைப்பை எடுக்கக் குழாய் விட்ட மணிக்கட்டில் கட்டு, கண்கள் மூடியிருந்தன. நடந்ததை மாப்பிள்ளையே ஒன்றுவிடாமல் சொன்னார். எதையாவது மறைத்திருந்தால் அண்ணனுக்கு அவ்வளவு சுலபமாக வார்த்தை கிடைத்திருக்காது.

“உப்புத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாங்க. சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரையைக் கரைச்சுக் குடிப்பாட்டின ஆளு, நான் பார்த்த வரைக்கும் நீங்க ஒருத்தர்தான் மாப்பிள்ளை.”

“லோன்னு நினைச்சுட்டேன் மச்சான்.”

“நினைச்சீங்க. அந்த மெஷினை எதுக்கு வாங்கிவச்சிருக்கீங்க, பூ வைக்கவா?”

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சலவைக்கடைக்காரர் தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற ஆட்டல் அது. கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. அவள் தூங்கவுமில்லை.

மறுநாள் அந்தச் சின்ன டாக்டர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். ரொம்ப வருஷமாக இருக்கிற சர்க்கரை, இடுப்பைச் சுற்றி ஏறிய எடை, கொஞ்சம் ரத்த அழுத்தம். மூன்றும் சேர்ந்துதான் ரத்தக்குழாயை இப்படிப் பண்ணியிருக்கிறது. எடை கூடக்கூட இன்சுலினும் சரியாக வேலை செய்யாது.

“எனக்கு எடையினால வந்த சர்க்கரை இல்ல டாக்டர்,” என்றாள் அவள். குரல் கம்மியிருந்தாலும் வாக்கியம் மட்டும் உறுதியாக வந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லித் தேய்ந்த வாக்கியம். “டைப் ஒன். பள்ளிக்கூடம் போற வயசுல, குச்சியா இருக்கும்போதே வந்தது.”

“தெரியும்மா. அது உங்க தப்பும் இல்ல. ஆனா ரத்தக்குழாய் வந்து டைப் ஒன்னா டைப் டூவான்னு கேட்டுக்கிட்டு அடைக்கறது இல்ல.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தெருவில் நடந்திருந்தாள். தின்று தின்று வந்த வியாதி என்று யாராவது கண்ணால் சொன்னால்கூட அவள் அதைத்தான் பதிலாக நீட்டுவாள். கல்யாணத்தின்போது அவள் ஒல்லி. பிறகு லோ வந்தபோதெல்லாம் ஒரு டம்ளர், அது தெளிந்த பிறகு பயத்துக்கு ஒரு ரொட்டி, அவர் பயத்துக்கு இன்னொரு ரொட்டி என்று உடம்பு சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் இடம் வந்தால் அவள் புருஷனிடம், “நீங்க வெளிய நில்லுங்க,” என்பாள். அவரும் நிற்பார். அவள் வெளியே வந்தபின் எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விரிப்பு மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுகிற மனுஷன் அதை மட்டும் கேட்கவில்லை.

டாக்டர் விடவில்லை. “இன்னொண்ணு கேக்கணும். ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டீங்களா? சிலபேர் எடை குறையட்டும்னு அளவைக் குறைச்சிடுவாங்க. திட்டறதுக்காகக் கேக்கலை.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் உறவுக்கூட்டத்தையும் பார்த்தாள்.

“விடாம போடறேன்.”

“ஒரு வேளை தவற மாட்டா டாக்டர்,” என்று புருஷன் முன்னால் வந்து சொன்னார். “அவ பக்கம் தப்பே இருக்காது. தப்புன்னா அது நான்தான்.”

அவள் சொன்னது பொய். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் ஊசி சரியாகப் போடாமல் விட்டபோது உடுப்பு தளர்ந்ததை அவள் கவனித்தாள். உடம்புக்கு இன்சுலின் கிடைக்காவிட்டால் அது தன்னையே கரைத்துக்கொள்ளும். அது நல்லதல்ல என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், பிறகு பல காலைகளில் மருந்தின் அளவு வைக்க ஊசிப் பேனாவின் தலையைத் திருகும்போது பாதியில் நிறுத்தினாள். தாகமெடுத்தது. கால் ஓய்ந்தது. ஆனால் ஒருநாள் நுரை, “அண்ணி, இளைச்சுட்டீங்களே,” என்றான். இனிப்பையே மருந்தாக மட்டும் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு தித்தித்தது. மாரடைப்பு வந்த அன்று காலையில் அவள் ஊசியே போட்டிருக்கவில்லை. ஆகவே அது லோ அல்ல என்று அன்று கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை என்பது பாதி உண்மை.

ஒழுங்காகப் போட்டும் இவ்வளவு ஏறுகிறதென்றால் அளவு போதவில்லை என்று டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டி எழுதினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பயத்திலும் நோவிலும் ஏறிக்கிடந்த சர்க்கரைக்கு அது சரியாகவே இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை சொன்னாள். இனிமேல் லோ ஆகவிடக்கூடாது, இந்த இதயம் அதைத் தாங்குவது கஷ்டம். அதைக் கேட்டு இருவரும் தலையாட்டினார்கள். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சலவைக்கடைக்காரர் சமையலறையில் ஒரு விருந்தாளிபோல நடந்துகொண்டார். சர்க்கரை டப்பாவை எட்டாத பலகையில் ஏற்றிவைத்தார். ரொட்டி உறையின் பின்பக்கம் இருக்கிற சின்ன எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். உப்புக் குறைத்த பருப்பும் வேகவைத்த காயும் அவளுக்கென்று செய்து, தானும் அதையே தின்றார். “உங்களுக்கு என்ன வந்தது, நல்லா சாப்பிடுங்களேன்,” என்று அவள் சொன்னால், “எனக்கும் தொப்பை இருக்குல்ல,” என்பார். முன்பெல்லாம் அவளைக் கேட்காமலேயே தட்டில் வைப்பவர், இப்போது ஒவ்வொரு கரண்டிக்கும், “போடட்டுமா?” என்று கேட்டு நின்றார்.

காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தெருவில் அவள் நடக்க, அவர் கூடவே நடந்தார். விடுதி ஆட்கள் மூட்டை எடுக்க வரும்போது குசலம் விசாரித்துவிட்டு, அவர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். மச்சான் சொன்ன உப்புத் தின்னவன் கதை தெருவெல்லாம் போயிருந்தது. தேநீர்க்கடைக்காரர் ஒருநாள், “உங்களுக்குச் சர்க்கரை போடலாமா, இல்ல நீங்களே ஊத்திக்கறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். தெருவில் தன் நடையை யாரும் பார்க்காமல் அவரையே எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதில் ஒரு நிம்மதி தனக்கு இருப்பதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பரிகாரம்போல, கூட்டி எழுதிய ஊசியை அவள் ஒரு புள்ளி குறையாமல் போட்டுக்கொண்டாள்.

மழை ஒருவழியாக வந்த மத்தியானம் அது. பின்னால் காயப்போட முடியாமல் நடு அறையில் கொடி கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரத் துணியின் வாசனை எல்லா அறையிலும் நின்றது. பெரிய விரிப்புகளை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. புருஷனும் மனைவியும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி இழுத்து, நீளவாட்டில் ஒரு மடிப்பு மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். அவர் தன் மூலைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொய்ந்த நடுப்பகுதியை எடுப்பார். எத்தனை சண்டை போட்டாலும் ஒரு நாளைக்கு இத்தனை தடவை எதிரெதிரே வந்து கை தொட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் குடும்பத்தில் கோபம் நீடிக்காததற்கு அதுதான் காரணம் என்று நுரை சொல்வான்.

நாலாவது விரிப்பில் அவள் மூலையை நழுவவிட்டாள். எடுக்கக் குனிந்தவள் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். மேலுதட்டில் அதே வியர்வை.

ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

“என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்ல.”

“நெஞ்சா? தாடை இழுக்குதா?”

“போய்யா அந்தப் பக்கம்,” என்றாள். அவள் அவரை அப்படிப் பேசுவது அந்த மாதிரி நேரங்களில் மட்டும்தான்.

நுரை மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். அவன்தான் பலகையில் ஏறி டப்பாவை எடுத்து, டம்ளரில் கரைத்துக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தான். இவர் அதைக் கீழே வைத்துவிட்டு சுகர் பார்க்கும் மெஷினைத் தேடினார். மெஷின் இப்போது சட்டைப் பையிலேயே இருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறிய கை அவருடையது. அவள் விரலைக் குத்தும்போது ஈரம் பட்டு ரத்தம் வழிந்து பரவியது, மெஷின் தப்பு என்று காட்டியது. வேட்டியில் அவள் விரலைத் துடைத்து மறுபடியும் குத்தினார். எண் வந்தது.

“நாப்பத்தொண்ணு,” என்றார். பிறகு யாரையோ நம்பவைப்பதுபோல, “நாப்பத்தொண்ணு காட்டுது,” என்றார்.

“அப்புறம் என்னண்ணே, ஊத்துங்க.”

“மெஷின் தப்பாக் காட்டினா? கை ஈரமா இருந்துச்சுடா.” டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். “ஊத்தட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் அவள்.

அவர் நிறுத்திவிட்டார். வேறெதையும்விட இப்போது அவர் பயப்படுகிற சொல் அதுதான். டம்ளர் காற்றில் நின்றது. அவள் கண்கள் மேலே செருகத் தொடங்கியிருந்தன. நுரை டம்ளரைப் பிடுங்கி, தன் அண்ணியின் தாடையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊத்தினான். பாதி அவள் மார்பில் வழிந்தது. பாதி உள்ளே போனது. பாதி போதுமாக இருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருகிறவள்போல அவள் மெல்ல வந்து சேர்ந்தாள். முதலில் மழைச் சத்தம், பிறகு கொடி, பிறகு எதிரில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்த புருஷன். மறுபடி பார்த்ததில் எண் நூறைத் தொட்டிருந்தது. நுரை, இந்த வீட்டில் தனக்கு இனிமேல் டாக்டர் சம்பளம் தரவேண்டும் என்றான். யாரும் சிரிக்காததால் துவைக்கும் மெஷின் பக்கம் போய், தேவையில்லாமல் அதை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தின் மறைவில் அவர்கள் இருவரும் தனியானார்கள்.

அவள் எழுந்து கீழே கிடந்த விரிப்பின் மூலைகளைத் தேடி எடுத்தாள். படு, மேலே போய்ப் படு என்று அவர் சொன்னது காதில் விழாததுபோல மூலையை நீட்டினாள். அவர் வேறு வழியில்லாமல் எதிர்ப்பக்கம் போய் இரண்டு மூலைகளைப் பிடித்தார். உதறினார்கள். மடித்தார்கள். நடந்து வரவேண்டிய இடத்தில் அவள் நின்றாள்.

“நீங்க ஏன் ஊத்தலை?”

“வேண்டாம்னியே.”

“வேண்டாம்னு சொன்னா கேக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல.”

“கேக்காம ஊத்தித்தானே அன்னிக்கு…”

“அன்னிக்கு லோ இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“காலையில ஊசி போடலை. முந்தின நாளெல்லாம் பாதிதான் போட்டேன். கொஞ்ச நாளாவே அப்படித்தான்.”

“தீர்ந்துபோச்சா? சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனே.”

“தீரலை.” விரிப்பின் ஓரத்தை நகத்தால் நீவினாள். “எடை குறையுது. அதுக்குத்தான்.”

மெஷினுக்குள் வெறும் தண்ணீர் சுழல்கிற சத்தம் கேட்டது. நுரை உள்ளே துணியே போடவில்லை.

“டாக்டர் கேட்டப்போ நான் பொய் சொன்னேன். அதை நம்பித்தான் அளவைக் கூட்டினாங்க. இன்னிக்கு வந்தது அதனாலதான். மெஷின்ல எண்ணே வராம ஏறினது உங்க டம்ளரால மட்டும் இல்லைங்க.”

“மச்சான் பேசினப்போ…”

“முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் என்னவோ வந்தது, அவளால் அதற்குப் பெயர் சொல்ல முடியவில்லை. அவிழ்ந்த மூட்டையின் முடிச்சுத் தடம்போல நெற்றியில் ஒரு கோடு மட்டும் நின்றது.

“நீ இளைச்சதை நான் கவனிச்சேன்,” என்றார் கடைசியில். “நோயோன்னு பயந்துபோய்த் தட்டுல ஒரு ரொட்டி கூட வச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதி வழியில் அழுகையாகிவிட்டது. இரண்டு கையிலும் துணி இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவராலும் வந்து துடைக்க முடியவில்லை, அவர் கையிலும் இரண்டு மூலைகள் இருந்தன.

“நாளைக்குக் காலையிலயே டாக்டர்கிட்ட போகலாம். நானே சொல்லிடறேன். யார் இருந்தாலும் சொல்லிடறேன். அப்புறம் அந்த எடை மெஷின்ல ஏறச் சொல்லுவாங்க.”

அவர் தன் மூலைகளைப் பிடித்தபடி நின்றார். இருவருக்கும் நடுவில் விரிப்பு தொய்ந்து, ஈரத் தரையைத் தொட ஒரு விரற்கடை தூரத்தில் ஆடியது. இன்னும் கொஞ்சம் விட்டால் மறுபடி துவைக்கவேண்டி வரும். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

“இந்தத் தடவை நீங்க வெளிய நிக்காதீங்க,” என்றாள். “என்கூட உள்ள வந்து, அந்த எண்ணைப் பாக்கறீங்களா?”